திருப்பிக் கொடுக்காத வரி

1

வருசத்துக்கு ஒரு முறை எனக்கு அந்தப் படிவம் வந்துவிடும். நான்கு பக்கம். இங்கே நியூ ஜெர்சியில் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளோடு ஓர் அறையில் உட்கார வேண்டுமென்றால், சம்பளம் இல்லாமல் உட்கார்ந்தாலும்கூட, கைரேகை கொடுக்க வேண்டும். காசநோய் இல்லையென்று டாக்டரிடம் எழுதி வாங்க வேண்டும். இரண்டு பேர் நம்மைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதித் தர வேண்டும். முதல் தடவை போலீஸ்காரர் ஒருவர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மையில் உருட்டியபோது, கோயமுத்தூரில் அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன சொல்வார் என்றுதான் நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் போலீஸ் ஸ்டேஷனுக்குள் போன முதல் ஆள் நான்தான்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. உங்களால் எப்போதாவது ஒரு சிறுவருக்கோ சிறுமிக்கோ தீங்கு நேர்ந்ததுண்டா? பக்கத்தில் ‘உண்டு’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டங்கள். முதல் வருசம் ‘இல்லை’யில் அழுத்தி ஒரு டிக் போட்டேன். பன்னிரண்டு வருசம் பரீட்சைத் தாள் திருத்திய கை, வேறெப்படிப் போடும்? இரண்டாம் வருசமும் அப்படியே. இந்த வருசம் அந்த இடத்துக்கு வந்ததும் பேனா நகரவில்லை. படிவத்தை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்களில் கோயமுத்தூரை ஒட்டிய துடியலூர்ப் பள்ளிக்கூடத்தில் என்னிடம் தமிழ் படித்த பெண்கள் நாலைந்து பேராவது இருப்பீர்கள். செல்வநாயகி டீச்சருக்கு என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. செய்ததைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

2

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வீட்டுக்காரருக்கு இங்கே நூற்பு இயந்திரக் கம்பெனியில் வேலை கிடைத்து, நாங்கள் மூன்று பேரும் வந்து இறங்கினோம். மகள் பவித்ராவுக்கு அப்போது எட்டு வயது. தமிழில் எம்.ஏ. படித்தவளுக்கு இந்த ஊரில் என்ன வேலை இருக்கும்? ஓர் அலுவலகத்தில் தபால் பிரிக்கிற வேலை கிடைத்தது. வாரத்தில் ஐந்து நாள் அது. சனிக்கிழமைகளில் வீட்டில் சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு சர்ச் இருக்கிறது. அதன் கதவில் ‘இளைஞர்களுக்கான எழுத்துப் பயிற்சி, உதவ ஆள் தேவை’ என்று ஒட்டியிருந்தார்கள். எழுத்து என்றால் கட்டுரை, கடிதம், விண்ணப்பம் என்று எண்ணி, புதுச் சிவப்பு மை பேனா ஒன்றும் வாங்கிக்கொண்டு போனேன். போனால், சர்ச்சுக்கு அடியில் இருக்கிற நிலவறையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெரிய டேப் ரெக்கார்டர் ஒன்று வெறும் தாளத்தை மட்டும் போட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. அந்தத் தாளத்துக்குப் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தாங்கள் எழுதியதை மூச்சுவிடாமல் சொன்னார்கள். ராப் என்கிறார்களே, அது.

அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேரைக் கோர்ட்டு அனுப்பியிருந்தது. கடையில் திருடியவன், பள்ளிக்கூடத்தில் கத்தியோடு பிடிபட்டவன், வீட்டை விட்டு ஓடி ஓடிப் பிடிபட்டவள். மீதிப் பேர் அந்தப் பக்கம் போய்விடக் கூடாதென்று தாங்களாக வந்தவர்கள். நடத்தியவர் மார்கஸ். முப்பது வயதிருக்கும், கதவு அகலத்துக்கு ஆள், தானும் ராப் பாடியவர், சிறைக்கும் போய் வந்தவர். என்னைப் பார்த்ததும் நாற்காலி எடுத்துப் போட்டு, என் பேரைக் கேட்டு, இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு, ‘மிஸ் செல்’ என்று சுருக்கிக்கொண்டார்.

அங்கே ஒரே ஒரு விதிதான். ஒருவர் படித்து முடித்ததும் யாரும் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லக் கூடாது, நன்றாக இல்லை என்றும் சொல்லக் கூடாது. கேட்டவர்கள் வரிசையாக, தங்கள் மனதில் நின்ற வரி ஒன்றை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். எழுதிய பிள்ளை தன் வரிகள் ஒவ்வொன்றாகத் தன்னிடம் திரும்பி வருவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். திருப்பிக் கொடு என்பார் மார்கஸ். அதற்குமேல் ஒரு விமர்சனமும் கிடையாது.

முதல் நாள் ஒரு பையன் படித்தான். வரிசை என்னிடம் வந்தது. நான் அவன் வாக்கியத்தில் இருந்த இலக்கணப் பிழையைச் சொன்னேன்.  மார்கஸ் ரொம்ப மரியாதையாக, “வரி, மிஸ் செல்” என்றார். என்னிடம் வரி இல்லை. அவன் சொன்னதில் மூன்று பிழைகள் எனக்கு மனப்பாடமாக இருந்தன, ஒரு வரிகூட இல்லை. என் பக்கத்தில் இருந்த பெண் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் குனிந்துகொண்டாள்.

அந்தப் பெண்தான் கீஷா.

3

சும்மா சொல்லக்கூடாது, போகப் போக அந்தப் பிள்ளைகளோடு எனக்கு ஒட்டிவிட்டது. எதுகை, மோனை, இயைபு என்று கரும்பலகையில் எழுதி, இதெல்லாம் எங்கள் பாஷையில் ரொம்பக் காலமாக இருக்கிறது, நீங்கள் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை என்றேன். உடனே நிரூபி என்றார்கள். ஒரு காவடிச் சிந்தை மேசையில் தட்டிச் சொல்லிக் காட்டினேன். இரண்டாம் தடவை சொன்னபோது டேப் ரெக்கார்டரின் தாளத்தை அதற்குப் பொருத்திவிட்டார்கள். கோயமுத்தூர்க்காரி வாய் சும்மா இருக்குமா, எல்லாரையும் ‘கண்ணு’ ‘கண்ணு’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கத்தி வைத்திருந்தவன்கூட நண்பனை ‘வாட்ஸ் அப், கண்ணு’ என்று கேட்கும்படி ஆகிவிட்டது.

ஆனால் வரி மட்டும் எனக்கு நிற்கவே இல்லை. என் முறை வரும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவர் சொன்னதையே திருப்பிச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்குத் தெரியும். கீஷாவுக்கு நன்றாகவே தெரியும். அவளுக்குப் பதினாறு வயது. படிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள், நோட்டைப் பார்க்கவே மாட்டாள். நானும் என் கெட்ட பழக்கத்தில், அவள் வரியில் எத்தனை சீர், எங்கே ஒடிக்கிறாள் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பேன்.

இரண்டாம் வருசம் ஒரு சனிக்கிழமை அவள் தன் அம்மாவைப் பற்றிப் படித்தாள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. வேலையிலிருந்து வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே அழுகிற சத்தம் பிள்ளைகளுக்குக் கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்துவிடுவாள். அதைக் கீஷா ஒரே வரியில் சொன்னாள்.

‘குழாய் ஓடுது, யாரும் குளிக்கலை.’

எண்ணிக்கொண்டிருந்த விரல் நின்றுவிட்டது. என் முறை வந்ததும், முதல் முறையாக யாரையும் பார்க்காமல், அந்த வரியைத் திருப்பிச் சொன்னேன். கீஷா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு அப்படியொரு சந்தோசம். பரீட்சையில் தேறியது நான்தான் என்பது போல நடந்தேன்.

4

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரியும். பிள்ளை ஒன்றை நன்றாகச் செய்தால், பிள்ளையிடம் சொல்வது பெரிதல்ல. வீட்டுக்குப் போய்ப் பெற்றவர்களிடம் சொல்ல வேண்டும். துடியலூரில் நான் வேலை பார்த்த காலத்தில் சாயங்காலம் ஒரு சீப்பு பழத்தை வாங்கிக்கொண்டு, ‘ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போலாம்னு வந்தனுங்க’ என்று எத்தனை வீடுகளுக்குள் போயிருப்பேன்! அவர்கள் உட்கார மோடாவைத் துடைத்துப் போடுவார்கள், காப்பி வரும், உள்ளே கதவு மறைவில் அந்தப் பெண் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அதைவிடப் பெரிய பரிசு ஒரு பிள்ளைக்கு இல்லையென்று சத்தியமாக நம்பியிருந்தேன். சொல்லாமல் விடுவதுதான் தப்பு என்று எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள்.

அந்தப் பழக்கத்தைக் கடலுக்கு இந்தப் பக்கமும் கொண்டுவந்துவிட்டேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை டப்பா நிறைய முறுக்கு எடுத்துக்கொண்டு, கீஷாவின் விலாசத்தை விசாரித்து, மூன்று மாடி ஏறிப் போய்க் கதவைத் தட்டினேன். கீஷா இல்லை. அவள் அம்மா கதவைச் சங்கிலியோடு திறந்து, கோர்ட்டிலிருந்தா என்று கேட்டாள். நான் சிரித்து, இல்லையில்லை, எழுத்து வகுப்பு, உங்கள் மகளைப் பற்றி நல்ல சேதி என்றேன். சங்கிலியை எடுத்தாள்.

உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தேன். உங்கள் மகள் பெரிய ஆளாக வருவாள், எப்பேர்ப்பட்ட வரி எழுதியிருக்கிறாள் தெரியுமா என்று சொல்லி, அந்த வரியை, அந்த அம்மாவின் முகத்துக்கு நேராக, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். பத்தாததற்கு, இது உங்களைப் பற்றித்தான் என்று விளக்கமும் சொன்னேன்.

அந்த அம்மா குளியலறைக் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து, வந்ததற்கு நன்றி என்று சொல்லி, வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். முறுக்கு டப்பாவை நான் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அமெரிக்காக்காரர்களுக்கு விருந்தாளியை உபசரிக்கத் தெரியாது என்று வீட்டுக்காரரிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டேன் பாருங்கள், அதை இப்போது நினைத்தால் என் வாயிலேயே நாலு போடலாம் போல இருக்கிறது.

5

அடுத்த சனிக்கிழமை கீஷா வந்தாள். மேல்கோட்டைக் கழற்றவில்லை. முறுக்கு டப்பாவை என் முன்னால் வைத்தாள். உள்ளே ஒன்றும் குறையவில்லை.

“மிஸ் செல், அந்த வரியை நான் உங்ககிட்டதான் கொடுத்தேன். எங்க அம்மாவுக்குக் கொடுக்கலை” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “இப்ப எங்க அம்மா குழாயைத் திறக்கிறதே இல்லை.”

போய்விட்டாள். மார்கஸ் பின்னாலேயே ஓடினார். நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். திரும்பி வந்து அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவரோ, இந்த அறைக்குள் வந்த வரியை வெளியே எடுத்துப் போகக் கூடாதென்பதை உங்களுக்கு நான் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும், தப்பு என்மேல்தான் என்றார். எனக்கு அது இன்னும் அதிகமாகச் சுட்டது.

கீஷா அப்புறம் வரவில்லை. நான் பழம் வாங்கவில்லை, அந்தப் படியும் ஏறவில்லை. எங்கள் பக்கம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்கத் தெரியாது, எதையாவது வாங்கிக்கொண்டு போய் வைப்போம், அவர்களும் புரிந்துகொண்டு காப்பி கொடுப்பார்கள். இங்கே அது செல்லாது என்று முறுக்கு டப்பாவிலேயே தெரிந்துவிட்டது. சில மாதம் கழித்து மார்கஸ் ஒரு கேசட் கொடுத்தார். கீஷா வேறெங்கோ பாடிப் பதிந்தது. அம்மா பாட்டு அதில் இருந்தது. மூன்று தடவை திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன். எல்லா வரியும் இருந்தது, குழாய் வரி மட்டும் இல்லை.

வீட்டில் பவித்ராவிடம் இதைச் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று ஓர் ஆசை. அவளுக்கு அப்போது பதினாலு. நான் சொல்லி முடிக்கும் வரை காலுறையைச் சுருட்டிக்கொண்டிருந்தவள், “அம்மா, நான் ஃபிஃப்த் கிரேடுல எழுதின போயம், அதை நீ போன்ல பெரியம்மாவுக்குப் படிச்சுக் காட்டினே, ஞாபகம் இருக்கா?” என்றாள்.

இல்லாமல் என்ன, எனக்கு நன்றாக நினைவிருந்தது. போன் கார்டு தீருகிற வரைக்கும் படித்தேன். கோயமுத்தூரில் அக்கா ஸ்பீக்கர் போட்டு, வந்திருந்த விருந்தாளிகளுக்கெல்லாம் கேட்க வைத்தாள். எவ்வளவு பெருமை!

“அதுலயிருந்து நான் டைரியை ஸ்பானிஷ்ல எழுதறேன். தமிழும் இங்கிலீஷும் உனக்குத் தெரியுமில்ல” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். பிள்ளைகள் இந்த நாட்டில் நம்மை விட்டு விலகிப் போகிறார்கள் என்று நாம் எல்லாரும் ஊருக்கு எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். என் மகள் எதற்காக வேறு பாஷைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

6

கீஷா கோட்டோடு நின்றாளே, அந்த நிமிசத்தில் எனக்கு வேறொரு முகம் ஞாபகம் வந்தது. இத்தனை வருசம் அதை நான் நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். நினைக்காமல் பார்த்துக்கொண்டேன்.

ரேவதி என்று ஒரு பெண். ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தைய வருசம் பிளஸ் ஒன்னில் என்னிடம் படித்தாள். அப்பா மில்லில் வேலை, அம்மா இல்லை. வீடு மேட்டுப்பாளையம் ரோட்டுக்கு உள்ளே, மில் லைன் வீடுகளில் ஒன்று. வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். ஒரு நாள் கட்டுரை நோட்டுகளுக்கு நடுவில் தவறுதலாக இன்னொரு நோட்டும் வந்துவிட்டது. நாற்பது பக்கமும் பாட்டு. தறி ஓடுகிற சத்தத்துக்கும் பஸ் ஓடுகிற சத்தத்துக்கும் கட்டிய மாதிரி, தட்டினால் தாளம் நிற்கிற பாட்டு. இன்றைக்கு அந்த நிலவறையில் பிள்ளைகள் செய்கிறார்களே, அதையே ஒருத்தி யாரும் சொல்லிக்கொடுக்காமல் துடியலூரில் செய்துகொண்டிருந்தாள்.

நோட்டை அவளிடம் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அன்று சாயங்காலமே ஒரு சீப்பு பூவம்பழம் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா அப்போதுதான் ஷிப்டு முடிந்து வந்து, தலையெல்லாம் பஞ்சோடு நின்றார். “வாங்க டீச்சருங்க, உக்காருங்க” என்று பதறினார். நான் உட்கார்ந்து, நோட்டைப் பிரித்து, இருப்பதிலேயே நன்றாக இருந்த பாட்டைச் சத்தமாகப் படித்தேன். மூணு மணி பஸ்ஸில் வருகிற ஒருவனுக்காக ஒரு பெண் நிற்கிற பாட்டு. நான் அதில் மோனையைப் பார்த்தேன். அவர் ஆளைப் பார்த்தார்.

முழுசாகக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார். “ஆருங்க டீச்சர் அந்தப் பையன்?”

கற்பனைங்க, பாட்டென்றால் அப்படித்தானுங்க என்று நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்குப் பை நிறையத் தக்காளி கொடுத்து, பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்து ஏற்றிவிட்டார். கிளம்பும்போது கதவு மறைவில் ரேவதி நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, வெட்கப்படுகிறாள் என்று முடிவு செய்துகொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அவள் பள்ளிக்கூடம் வருவது நின்றது. ஒரு மாதத்தில் கல்யாணப் பத்திரிகை வந்தது. மாப்பிள்ளை தொண்டாமுத்தூர்ப் பக்கம், விவசாயம், தென்னந்தோப்பு. நான் போனேன். போகாமல் இருந்தேன் என்று சொல்லத்தான் ஆசை. போய், எவர்சில்வர் குடம் ஒன்று பரிசு கொடுத்து, முன் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டபோது நல்லா இருடா கண்ணு என்றேன். நல்ல இடம், நிலபுலன் இருக்கிறது என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டோம். அந்தப் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்த அவள் அப்பா, “நீங்க நேரத்துல வந்து சொன்னீங்க டீச்சருங்க, மறக்க மாட்டனுங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டாரே, அதை மட்டும் நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம்கூட.

7

போன கோடை விடுமுறையில் அக்கா மகள் கல்யாணத்துக்கு நானும் பவித்ராவும் கோயமுத்தூர் போனோம். கல்யாணம் முடிந்த மறுநாள், விசாரித்து வைத்திருந்த விலாசத்துக்கு, கார் ஒன்று பேசிக்கொண்டு தொண்டாமுத்தூர் கிளம்பினேன். பவித்ராவை வீட்டில் இருக்கச் சொன்னேன். கல்யாண வீட்டில் எல்லாரும் அவளைத் தமிழ் பேசச் சொல்லிப் பேசச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பயந்து அவளும் காரில் ஏறிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கப் போகிறவளின் கையில் என்ன இருந்தது தெரியுமா? வாசனை சோப்பு ஆறு, சாக்லேட் பை ஒன்று. திருந்துகிற ஜென்மமா இது.

தோப்புக்கு நடுவில் ஓட்டு வீடு. ரேவதி என்னைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டாள். “ஏனுங்க டீச்சர், சொல்லாமக் கொள்ளாம வந்துட்டீங்க, வாங்க வாங்க, இது பாப்பாங்களா?” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சதை போட்டிருந்தாள், சிரிப்பு சத்தமாக வந்தது. ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. அவள் வீட்டுக்காரர் தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டே வந்து, போன வாரம் யானை இறங்கி வாழையைச் சாய்த்த இடத்தைக் காட்ட என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நல்ல மனிதர். அவர் காட்டிய திசையை விட்டுவிட்டு நான் மோட்டார் ரூமையும், கட்டுத்தறியில் நின்ற எருமைகளையும், கூரை மேலிருந்த டிவி ஆன்டெனாவையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எதைப் பார்த்தாலும் இவள் நன்றாகத்தான் இருக்கிறாள், என் மேல் குற்றமில்லை என்று சொல்வதற்கு ஒன்று கிடைக்காதா என்று என் கண் தேடியது. நான் அந்த வீட்டுக்குப் போனதே அதற்காகத்தானோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

திரும்பி வந்தபோது பவித்ராவும் ரேவதியும் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. பவித்ரா குழந்தையைத் தூக்கிக்கொண்டு எருமை பார்க்கப் போனாள். ரேவதி காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அப்பா இறந்து இரண்டு வருசம் ஆகிவிட்டதென்று சொன்னாள். கடைசி வரைக்கும் என்னைப் பற்றி நல்லதாகவே பேசினாராம். நான் காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“டீச்சர், ஒண்ணு கேக்கோணுமுங்க” என்றாள். “அந்த நோட்டு அன்னைக்கே வெந்நி அடுப்புக்குப் போயிருச்சுங்க. அன்னைக்கு எங்கப்பன் முன்னால ஒரு பாட்டுப் படிச்சீங்கல்லங்க. அதுல ஒரு வரியாச்சும் ஞாபகம் இருக்குதுங்களா?”

எத்தனை பாட்டு மனப்பாடம் எனக்கு! தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நூறு வெண்பா சொல்வேன். அந்த மில் வீட்டுக் கட்டில், தக்காளிப் பை, அவர் தலையில் இருந்த பஞ்சு, நான் கட்டியிருந்த சேலை, படித்த என் குரல் உட்பட எல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. அவள் எழுதியதில் ஒரு சொல் இல்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பஸ் என்பது ஞாபகம் இருந்தது, மோனை எனக்குக் கைவந்த கலை. அந்த இடத்திலேயே ஒரு வரியைக் கட்டினேன்.

“‘மூணு மணி பஸ்ஸு வர, முகம் பூத்து நிக்கறேன்.’ இப்படி வருமல்ல கண்ணு?” என்றேன்.

 ரேவதி சிரித்தாள்.

“நல்லா இருக்குதுங்க டீச்சர். ஆனா அது நா எழுதுனதில்லீங்க.”

அதற்குமேல் என்னைக் காப்பாற்றக் கொண்டுபோன சோப்பும் உதவவில்லை, சாக்லேட்டும் உதவவில்லை. தப்புப் பண்ணிப்போட்டேன் ரேவதி, அன்னைக்கு அந்த நோட்டை உன் கையில் கொடுத்திருக்கோணும் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. பன்னிரண்டு வருசம் டீச்சராக இருந்து, ஆயிரம் பேரை மன்னிப்புக் கேட்கச் சொல்லி நிற்க வைத்திருக்கிறேன். நான் ஒருவரிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

“அட, உடுங்க டீச்சர்” என்று அவள் என் கையிலிருந்து டம்ளரை வாங்கி வைத்தாள். “எனக்கு எல்லாமே ஞாபகம் இருக்குதுங்க. நாப்பது பக்கமும். எனக்கு மட்டுந்தான் இருக்குதா, வேற ஆருக்காச்சும் இருக்குதான்னு தெரிஞ்சுக்கலாம்னு கேட்டனுங்க.”

“சொல்லு கண்ணு, நான் கேட்கிறேன்” என்றேன். உண்மையாகவே கேட்டிருப்பேன். இரண்டு வருசம் அந்த நிலவறையில் உட்கார்ந்து இவ்வளவாவது கற்றிருந்தேன்.

“இருக்கட்டுங்க டீச்சர்” என்றாள் ரேவதி. குரலில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. எழுந்து போய், காருக்குத் தேங்காய் எடுத்துவைக்கச் சொல்லி வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

8

திரும்பி வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. டிக்கியில் தேங்காய் உருளுகிற சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. பவித்ரா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, வலது கையால் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தாள். முதலில் நான் கவனிக்கவில்லை. அப்புறம்தான் அந்தத் தட்டு ஓர் ஒழுங்கில் போவது தெரிந்தது. நாலு தட்டி, ஒன்று விட்டு, மறுபடி நாலு. உதடு அசைந்தது. இந்தப் பெண் தமிழில் எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

“என்ன கண்ணு அது?”

“ரேவதி அக்கா சொன்னது. நீ வாழை பார்க்கப் போயிருந்தேல்ல, அப்போ.”

“பாட்டா?”

“ம்.”

“என்ன பாட்டு, எனக்கும் சொல்லேன்.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கீஷா பார்த்த மாதிரியே பார்த்தாள், ஆனால் அவ்வளவு கடுமை இல்லை.

“அவங்க எனக்குக் கொடுத்தாங்கம்மா” என்றாள்.

வாய் வரைக்கும் வந்தது. ஒரே ஒரு வரி சொல்லு என்று கேட்க, அதட்டிக் கேட்க, கெஞ்சிக் கேட்க. நான் கேட்கவில்லை. துடியலூர் வருகிற வரைக்கும் அவள் முழங்காலில் தட்டிக்கொண்டே வந்தாள். நான் தட்டுகளை எண்ணாமல் கேட்டுக்கொண்டு வந்தேன்.